வானம் பார்க்காத தாள்

"அப்பாவுக்கு இப்ப எப்படி மேடம் இருக்கு?" என்று காலையில் வந்ததும் வராததுமாக ஆய்வு மாணவன் அன்வர் கேட்டான். "மூச்சுத் திணறல் இப்ப இல்ல அன்வர்" என்று ஆவுடையம்மாள் வாய் கூசாமல் சொல்லிவிட்டாள். அதைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. அவள் அப்பா கொம்பையா கண்டக்டருக்குத் திணறல் போன வாரமே நின்றுவிட்டது, மூச்சும் கூடவே நின்றுவிட்டது, அவ்வளவுதான். அந்தப் பதில் காலையிலிருந்து அவளுக்குள்ளே இருப்புக்கொள்ளாமல் அலைகிறது. இப்போது வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுது, அன்வர் ஜும்மாவுக்குக் கிளம்பிவிட்டான். கிளம்புகிறவன் கதவிடுக்கில் தலையை நீட்டி, "வெத்துத்தாளையும் மெஷின்ல ஏத்திட்டேன் மேடம். நான் வாரதுக்குள்ள கோடு வந்துரும். அது சும்மா சடங்குக்குத்தானே. வரும்போது பிரியாணி வாங்கியாரேன், இன்னைக்கு என் செலவு" என்றான். படியில் அவன் செருப்புச் சத்தம் இரண்டிரண்டாகத் தாவி இறங்கியது. சந்தோஷக்காரன் நடை அப்படித்தான் இருக்கும். இனி அவன் திரும்புகிறவரைக்கும் அந்த ஆய்வுக்கூட அறையில் அவளும், தாளில் ஒட்டின உப்பைத் திரையில் கோடாகக் காட்டுகிற கருவியும் மட்டும்தான். கருவிக்குள் ஒரு சின்னப் பம்பு டிக், டிக் என்று தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தது. அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் வாடகைக்கு எடுத்து வைத்திருந்த ஆக்சிஜன் மிஷினும் இதே சத்தம்தான் போட்டது, இதே நிதானம், இதே அலுப்பு. இதைக் கேட்கக் கூடாது என்று நினைக்க நினைக்கக் காது அதையே போய்ப் பிடித்தது.

சடங்காம். அவனுக்குச் சடங்குதான், பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது. பலூனில் கட்டி விட்ட பெட்டியில் இருந்தவை ஐந்து பில்டர் தாள். நாலு தாள் பதினேழு கிலோமீட்டர் உயரத்தில் வாயைத் திறந்து காற்றைக் குடித்தவை. ஐந்தாவது வாயே திறக்காமல், மூடின டப்பாவுக்குள்ளேயே ஏறி, மூடின டப்பாவுக்குள்ளேயே இறங்கினது. அதுதான் வெத்துத்தாள். அதில் ஒரு உப்பும் இருக்கக் கூடாது. இருந்தால், மற்ற நாலில் இருப்பதும் வானத்துச் சரக்கு இல்லை, தாளைப் பெட்டியில் அடைத்த கையின் சரக்கு. அடைத்த கை ஆவுடையின் கை. நாலு தாளையும் அன்வர் காலையிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டான், நாலிலும் பொட்டாசியம் கோபுரமாக எழும்பி நின்றது. விறகோ வைக்கோலோ சாணியோ, எதை எரித்தாலும் புகையோடு வருகிற உப்பு அது. பேராசிரியர் தாணுமாலயன் நாகர்கோவிலிலிருந்து போனிலேயே குதித்தார். "மக்ளே, கண்டியா! மழைமேகம் கீழ கெடக்க புகையெல்லாம் உறிஞ்சி மேல கொண்டு துப்புதுன்னு நான் சொன்னப்ப எல்லாவனும் சிரிச்சானுவ. நம்ம ஆளுவ வயல்ல கொளுத்துன வைக்கோலு அங்க போயி ஒக்காந்திருக்கு பாரு! கால்சியமும் கெடக்கு, அது பாலைவனத்துத் தூசி. ஒனக்கும் அந்தப் பயலுக்கும் இது பெரிய காரியம்." அவள் "ஆமா சார், ஆமா சார்" என்று கேட்டுக்கொண்டாள். வைக்கோல் புகை. பாலைவனத் தூசி. அது எந்தப் புகை, எந்தத் தூசி என்று உலகத்தில் ஒருத்திக்குத்தான் சந்தேகம். அவளால் அதை வாய்விட்டுச் சொல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

புளியங்குடியில் அப்பா இறந்த அன்றைக்கு மழை மூடாப்பு. சித்தப்பா மகன் கொள்ளி வைக்கத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தயாராக நின்றான். இவள்தான், நான் இருக்கும்போது அவன் எதுக்கு என்று பானையை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டாள். ஊர் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தது. வறட்டி அடுக்கி, வைக்கோல் பரப்பி, மேலே மண் பூசின மூட்டம். மூட்டத்தில் தீ எரியாது, வேகும். ராத்திரி முழுக்க மண் வெடிப்பு வழியாகப் புகை நூல் நூலாக வந்துகொண்டே இருக்கும். அந்தப் புகை அவள் தலைமுடியில் ஏறிவிட்டது. மறுநாள் காடாற்றப் போனபோது வெந்த மண் பாளம் பாளமாகக் கெட்டிப்பட்டுக் கிடந்தது. பொன்னம்மா அத்தை ஒரு மடக்குக் கத்தியை அவள் கையில் திணித்து, "ஏட்டி, இரும்பு இல்லாம நீ ஒரு எட்டு வைக்கப்படாது. பதினாறு முடியுத மட்டும் இது ஒன் மேலயே கெடக்கணும். ஒங்கய்யா பாசக்காரரு, பின்னாலயே வந்துருவாரு" என்றாள். அப்பாவின் கத்திதான். டிக்கெட் பையில் கிடக்கும், பாக்கும் வெட்டுவார், பென்சிலும் சீவுவார். அந்தக் கத்தி முனையால்தான் மண் பாளத்தைப் பெயர்த்தாள். உள்ளே வெள்ளையாக அவர் கிடந்தார். விரலால் தொட்டதும் உதிர்ந்தார். எலும்பு எடுத்துக் கலயத்தில் போட்டுப் பால் ஊற்றிக்கொண்டிருந்தபோதே பையில் போன் நடுங்கியது. காற்று திரும்பிவிட்டது, நாளை விடியலில் பலூன், உடனே வாருங்கள். வாய்க்காலில் முங்கினாள், உடுத்து மாற்றினாள், காரை எடுத்தாள். சங்கரன்கோவில் தாண்டுகிறவரைக்கும் அழவில்லை, தாண்டிய பிறகும் அழவில்லை. கரிசல்காட்டு நடுவில் பலூன் விடும் பொட்டல் வந்துவிட்டது, ஆட்கள் வந்துவிட்டார்கள், அழுகிறதற்கு வாய்க்கவில்லை.

அப்பா போனதை யாருக்கும் துட்டி சொல்லவில்லை. "அப்பாவுக்கு முடியலை, பாத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனவள், "பாத்துட்டு வந்துட்டேன்" என்று மட்டும் சொன்னாள். சொல்லியிருந்தால் லாசர் அண்ணாச்சி அவளைப் பொட்டலுக்குள் கால் வைக்க விட்டிருக்க மாட்டார். பலூன் விரிக்கிற ஆட்களுக்கெல்லாம் அவர்தான் தலை. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர், ஆனால் பலூனுக்குத் தேங்காய் உடைக்காமல் காற்று அடைக்க விடமாட்டார். போன வருசம் ஏறினது பாதியில் வெடித்தபோது, ஆட்களில் ஒருத்தன் சாவு வீட்டிலிருந்து நேராக வந்தவன் என்று கண்டுபிடித்து, "அதுக்குப் பொறவு எப்படில நிக்கும்?" என்று அவனை அடிக்கப் போய்விட்டார். ஆவுடை அன்றைக்கு அவரைப் பார்த்துச் சிரித்தாள். குளிர் தாங்காமல் ரப்பர் வெடித்ததற்குச் செத்தவன் என்ன செய்வான், அண்ணாச்சி? இப்போது அந்தச் சிரிப்பு திரும்பி வந்து அவள் முன்னாலேயே உட்கார்ந்துகொண்டு அவளைப் பார்க்கிறது. லாசர் அண்ணாச்சியாவது தேங்காயோடு விட்டார். இவள் கூடாரத்துச் சட்டம் அதைவிடப் பெரிசு. தாள் அடைக்கிற கூடாரத்துக்குள் பொட்டு வைத்தவள் போகக் கூடாது, பவுடர் போட்டவள் போகக் கூடாது, பூ ஆகாது, தலைக்கு எண்ணெய் ஆகாது, தும்மல் வந்தால் வெளியே ஓடிவிட வேண்டும். எந்தக் கோயில் கருவறையிலும் இத்தனை மடி கிடையாது. அந்தச் சட்டத்தை எழுதி ஒட்டினவளே அவள்தான். எழுதும்போது சாம்பலைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. யார் சாம்பலோடு வருவார்கள்?

கோடு இன்னும் தட்டையாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இந்தக் கருவி உப்புகளை ஒட்டுமொத்தமாகக் காட்டாது, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் இறக்கிவிடும். முதலில் சோடியம், அப்புறம் அம்மோனியம், அப்புறம் பொட்டாசியம், கடைசியில் மக்னீசியம், கால்சியம். அப்பாவுக்கு இதைச் சொன்னபோது, "அப்ப இதுவும் நம்ம வண்டி மாதிரித்தான், ஸ்டேஜுக்கு ஒருத்தன் இறங்குதான்" என்றார். அவருக்கு எதைச் சொன்னாலும் பேருந்தில் ஏற்றித்தான் புரிந்துகொள்வார். பதினேழு கிலோமீட்டர் என்றதும் மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார். "இங்கருந்து கடையநல்லூர் போற தூரம். அதுக்கா இத்தன பேரு, இத்தன வருசம்? என் வண்டில ஏறியிருந்தா பொழுது அடையுமுன்ன எத்தன நட போயிட்டு வந்திருப்ப." அந்தச் சிரிப்பு பாதியிலேயே இருமலாக மாறிவிட்டது. வேலைக்காலம் முழுவதும் டீசல் புகையில் படிக்கட்டில் தொங்கினவர். அவர் நெஞ்சுக்குள் என்னென்ன உப்பு எத்தனை அடுக்காகப் படிந்து கிடந்தது என்று ஆவுடை ஒரு நாளும் பார்க்கவில்லை. ஆகாசத்து நெஞ்சைத்தான் துளைபோட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனசு அங்கே போகாதே, அங்கே போகாதே என்றால் அங்கேதான் போகிறது. அந்தக் கடைசி போன். "சும்மாதாம்மா போட்டேன். காத்து வரல, வேற ஒண்ணுமில்ல." அதற்கு இவள், "இங்கயும் காத்துக்குத்தாம்ப்பா காத்துக் கெடக்கோம். பலூன் ஏறினதும் ஓடி வந்துருதேன்" என்றாள். அவர் கொஞ்ச நேரம் மிஷினோடு மிஷினாக மூச்சு விட்டுவிட்டு, "ஏறட்டும், ஏறட்டும். நம்மளால வண்டி லேட்டாகப்படாது" என்றார். அதற்குப் பிறகு அத்தைதான் போன் போட்டாள். வந்து பார்த்தால் வாய் திறந்தே இருந்தது. கடைசி மூச்சு உள்ளே போனதா வெளியே வந்ததா என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

அதனால்தான் இந்தத் தாள் சுத்தமாக இருக்க வேண்டும். அன்வருக்காக என்று அவள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அதுவும் உண்மைதான். மூன்று பருவம் பலூன் வெடித்தும் மழை கெடுத்தும் வீணாகி, இந்தத் தடவைதான் பெட்டி முழுசாகத் தரை இறங்கியது. அடுத்த மாதத்துக்குள் ஆய்வேடு கொடுக்காவிட்டால் அவன் பதிவே செத்துப்போகும். ஆனால் அது மேலாப்பில் இருக்கிற காரணம். அடியில் இருக்கிறது வேறு. அந்த வாரத்தை அவள் அப்பாவிடமிருந்து எடுத்துப் பலூனுக்குக் கொடுத்தாள். கொடுத்ததற்கு ஏதாவது கிடைத்திருந்தால், சரி, பாவமோ புண்ணியமோ, ஒரு காரியம் நடந்தது என்று கிடக்கலாம். கிடைத்ததும் அவர் சாம்பல்தான் என்றால்? அப்போது அவள் அவரைத் தனியாகச் சாகவிட்டது எதற்காக?

கத்தியைத் துடைத்தாளா? மனசு மறுபடியும் அங்கே வந்து நின்றது. துடைத்தாள். எதில் துடைத்தாள்? வாய்க்காலில் கையை அலசினாள், கலயத்தைக் கழுவினாள், கால் கழுவினாள். கத்தியை அலசினதாக நினைக்கும்போது கத்தி ஈரமாக இருக்கிறது. அலசவில்லை என்று நினைக்கும்போது வறண்டு இருக்கிறது. ஞாபகத்துக்கு என்ன, கேட்கிறவள் எப்படிக் கேட்கிறாளோ அப்படிக் காட்டும். கூடாரத்துக்கு வெளியே அதை வைத்துவிட்டுப் போயிருக்கலாம். வைக்கப் போனாள். அந்தப் பிளாஸ்டிக் முக்காலியில் வைக்கக் குனிந்தாள், கை திறக்கவில்லை. இரும்பு, பேய், பதினாறு, அதிலெல்லாம் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. அதை அங்கே வைத்தால் அப்பாவையே ஒரு முக்காலியில் வைத்துவிட்டு உள்ளே போகிற மாதிரி இருந்தது. மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். அப்புறம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கையுறைமேல் கையுறை, முகமூடி, குல்லாய். தாள் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறைக்குள், வெள்ளித்தாளில் சுற்றி, ஓரம் ஒட்டி இருந்தது. ஓரத்தை வெட்டுகிற பீங்கான் கத்தரிக்கோலைக் காணவில்லை. லாசர் அண்ணாச்சி வெளியே, "காத்து மாறப்போகுது, யம்மா, சீக்கிரம்!" என்று கத்தினார். கை தானாகப் பைக்குள் போனது. தானாக மடக்கை விரித்தது. உறையைச் சர்ரென்று கீறியது. நாலு தாளும், வெத்துத்தாளும், எல்லாம் அந்த ஒரே உறைக்குள்தான் இருந்தன. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் அடைத்து மூடின பிறகுதான் மேசைமேல் கிடந்த கத்தியைப் பார்த்தாள். மடக்குக்குள் வெள்ளையாக ஏதோ இருந்தது. வெளிச்சமாகவும் இருக்கலாம். வெளிச்சம்தான் என்று அப்போது முடிவு கட்டினாள். விடியலில் பலூன் பெரிய ஜெல்லிமீன் மாதிரி ஆடிக்கொண்டே ஏறிற்று, எல்லாரும் கைதட்டினார்கள், இவளும் தட்டினாள்.

கோடு ஒரு சின்ன மேடு ஏறி இறங்கியது. சோடியம். கொஞ்சம்தான், எந்தத் தாளிலும் அவ்வளவு இருக்கும், கண்ணாடிக் குப்பியிலிருந்தே வரும். ஆவுடை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏசி காற்று கழுத்தில் விழுந்தது. இப்போதே ஒரு வயரைப் பிடுங்கினால் போதும். கரண்டு போய்விட்டது என்றால் திருநெல்வேலியில் யார் ஏன் என்று கேட்பார்கள்? குப்பி கை தவறி உடைந்தது என்றால் போதும். தாளை ஊறவைத்த தண்ணீர் அந்தக் குப்பியோடு சரி, இன்னொரு வெத்துத்தாள் கிடையாது. அன்வர் உச்சுக்கொட்டுவான், "பரவால்ல மேடம், அது சடங்குதானே" என்பான், பேராசிரியர் கொஞ்சம் ஏசுவார், அப்புறம் எழுதுவார். எழுதினது அச்சாகும், அதைப் படித்து இன்னொருத்தன் எழுதுவான், எங்கேயோ ஒரு தேசத்தில் ஒருத்தன் வயலில் வைக்கோல் கொளுத்துகிற சம்சாரியைக் கைகாட்டுவான், பார், உன் புகை எதுவரை வந்திருக்கிறது என்று. அந்தச் சம்சாரி பேந்தப் பேந்த முழிப்பான். கொளுத்தினது அவன் இல்லை, கொளுத்தினது ஆவுடை. வயர் அவள் முழங்காலுக்குப் பக்கத்திலேயே தொங்கியது. அம்மோனியம் வருகிற இடத்தில் ஒன்றும் வரவில்லை. சுத்தம். தட்டை. மூட்டத்தில் வெந்த பிறகு அது எங்கே மிஞ்சும், ஆவியாகப் போயிருக்கும் என்று ஒரு மனசு சொன்னது. சும்மா இரு, சுத்தம் என்றால் சுத்தம்தான் என்று இன்னொரு மனசு அதட்டியது. டிக், டிக். அப்பா, வராதீங்கப்பா. அவள் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. இத்தனை நாளும் ஒரு தடவை கனவிலாவது வாருங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தவள், இப்போது வராதீங்க, வராதீங்க என்று கையைக் கூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பொட்டாசியம் இறங்குகிற இடத்தில் கோடு ஏறத் தொடங்கியது. முதலில் ஒரு நடுக்கம்தான், கண்ணின் நடுக்கம் என்றுகூட நினைத்தாள். அப்புறம் அது நின்று யோசிக்காமல் நேராக, செங்குத்தாக, காலையில் அந்த நாலு தாளில் எழும்பினதுபோலவே எழும்பியது. அதே உயரம். அதே தோள். இறங்கும்போது அதே மாதிரி வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. மக்னீசியம் வந்தது, போனது. கால்சியமும் வந்தது, அகலமாக, அவசரமே இல்லாமல். பாலைவனத் தூசி. அவருக்கு முட்டியெலும்பு பெரிசு, நடந்தால் நிழலில்கூடத் தெரியும். அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை.

"மேடம், பீஸ் நல்ல பீஸா கேட்டு வாங்கியாந்திருக்கேன்" என்று அன்வர் உள்ளே வந்தான். கையில் பொட்டலம், நெற்றியில் தண்ணீர் காயவில்லை. "வந்துட்டா கோடு? சுத்தந்தானே?"

"அன்வர், எங்கப்பா தவறிட்டாங்க."

அவன் பொட்டலத்தை மேசையில் வைத்தான். "இன்னா லில்லாஹி" என்று தொடங்கி அவன் உதடு முணுமுணுத்தது. "இப்பவா போன் வந்துச்சு? வாங்க மேடம், நான் வண்டி எடுக்கேன், நீங்க ஓட்ட வேண்டாம்."

"இப்ப இல்ல. பலூன் விடுததுக்கு முந்தியே."

"முந்தியேவா? காலையில நான் கேட்டேன்லா மேடம்... திணறல் இல்லன்னியளே."

"காடாத்திட்டு நேரா வந்தேன். சாம்பல் பட்ட கத்தியால உறையக் கீறினேன்" என்று சொல்லித் திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

படிக்கத் தெரிந்த பையன். ஒரு தடவை பார்த்தான், போதும். அவள் அப்பாவுக்காக அவன் முகத்தில் வந்திருந்த துக்கம் அங்கேயே நின்றது, அதற்குள்ளிருந்து அவனுடைய சொந்தத் துக்கம் ஒன்று மெல்ல மேலேறி வந்தது. இரண்டையும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க. வெத்துத்தாளு கீழ விழுந்துட்டுன்னு சொன்னா யாரு கேக்கப் போறா? நமக்குள்ளயே கெடக்கட்டும். ஒங்க அப்பாவப் போயி எல்லார் வாயிலயும் இழுக்கணுமா?"

இவ்வளவு நேரமும் அவளே தனக்குள் சொல்லிக்கொண்டிருந்ததுதான். ஆனால் இன்னொருத்தன் வாயிலிருந்து, அதுவும் இத்தனை நல்லவன் வாயிலிருந்து வந்தபோது, அது அவள் வீட்டுச் சாவை அவளுக்குத் தெரியாமல் யாரோ எடுத்துப்போய்ப் புதைக்கிற மாதிரி இருந்தது. அவன் கண்ணைப் பார்க்காமல் போனை எடுத்துப் பேராசிரியருக்குப் போட்டாள். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காமல் போகட்டும் என்று ஒரு விநாடி தோன்றியது. எடுத்துவிட்டார்.

"சொல்லு மக்ளே, நானே போடணும்னு இருந்தேன். வெத்துத்தாளு சுத்தமாத்தானே வந்திருக்கு?"

"சார், துட்டி சொல்லத்தான் போட்டேன்."

"அய்யோ, யாரு மக்ளே, யாருக்கு?" அவர் குரல் பதறியது. அன்வர் சுவரோடு சாய்ந்து தலையைக் குனிந்துகொண்டான்.

"எங்கப்பா சார்" என்றாள். அவர் ஏதோ ஆறுதல் சொல்லத் தொடங்கினார். அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அழுதுகொண்டே அவரை இடைமறித்தாள்.

"வச்சிராதீங்க சார். இன்னும் இருக்கு."